சக்கரத்தில் இரண்டு மஞ்சள் கறை

ஏப்ரல் 17, வெள்ளி

ஐஸ் ஃபேக்டரிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக இதன் மேல் குழம்புச் சட்டி உட்கார்ந்திருந்தது. இன்று பவுனு சட்டியை இறக்கி வைத்துவிட்டு டைரியைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"கத்துறதை எல்லாம் இதுல கத்துங்க. அக்கம்பக்கத்துக்குக் காது செவிடாவுது. முடிச்சிட்டு வாங்க, சோறு போடுறேன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் எட்டு வரை போனவள். அந்த மூன்று வகுப்பின் அதிகாரம் எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறது.

சரி, கத்துகிறேன்.

நான் கலியபெருமாள். 'எல்லையம்மன் துணை' என்ற விசைப்படகுக்குப் பதினாறு வருஷமாக டிரைவர். பவுனுவின் தம்பி அஞ்சப்பன் அதில் எனக்கு அடுத்த ஆள். போன ஒன்பதாம் தேதி எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அன்றைக்குப் படகை அஞ்சப்பன் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி முகத்துவாரத்துக்குள் நுழையும்போது தெற்குக் கல்சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டது. முன்பலகை இரண்டு நொறுங்கிப் போயின. படகு கல்லில் இடிக்காமல் காலால் தள்ளப் பார்த்த எங்கள் படகு ஆள் குப்புராஜுக்குப் பாதம் நசுங்கிவிட்டது.

படகின் முதலாளி சம்பந்தம் ஏலக்கூடத்தில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறார்: "அவன் போதையில புடிச்சிருக்கான்." அஞ்சப்பனா? கலர் சோடா குடித்தாலே ஏப்பம் விட்டுத் தூங்குகிறவன் அவன். அவனை அடுத்த நாளே படகை விட்டு இறக்கிவிட்டார். ஜூன் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து. தப்பு அவன் பேரில் என்று முடிவானால் இரண்டு வருஷத்துக்கு இந்த ஊர்ப் படகு எதிலும் அவன் சுக்கான் சக்கரத்தைத் தொடக் கூடாது. இரண்டு வருஷம் சக்கரத்தைத் தொடாத டிரைவரைப் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அறுபத்தொரு நாள் படகு கட்டித்தான் கிடக்கும். அதற்குள் கோளாறு படகில்தான் இருக்கிறது என்று காட்டுகிறேன். அஞ்சப்பன் "திரும்ப மாட்டேங்குது, திரும்ப மாட்டேங்குது"ன்னு கத்தினானாம். கத்தினது குப்புராஜ் காதிலும் விழுந்திருக்கிறது. சம்பந்தத்தின் காதில் மட்டும் பஞ்சு.

ஏப்ரல் 19, ஞாயிறு

சென்னாக்குன்னிக் கருவாட்டில் மணல். பவுனுவிடம் சொன்னேன். "அதையும் டைரில எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நாகை ஆஸ்பத்திரியில் குப்புராஜைப் பார்த்தேன். காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்னடா, வாழைத்தார் மாதிரித் தொங்குற. எப்பப் பழுக்கும்?" என்றேன். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவன், இன்று தன் காலைப் பார்த்தான்.

"ரெண்டு விரலை எடுத்துட்டாங்கண்ணே" என்றான்.

வாங்கிக்கொண்டு போன சாத்துக்குடியை நானே உரித்து அவன் கையில் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போதை என்ற பேச்சை எடுத்தேன்.

"அவன் நல்லாத்தான் நின்னான். வலப்பக்கம் பூராவும் சுத்துனதை நான் பாத்தேன். சக்கரம் ஒரு இடத்துல டக்குன்னு நின்னு போச்சு. அதுக்கு மேல சுத்தலை. பின்னாலேருந்து அலை தள்ளுது. மூக்கு தெக்காலயே போவுது. ரிவர்ஸ் போட்டான், அதுக்குள்ள கல்லு வந்துருச்சு. ஏன்ணே, உங்க கையில இருக்கறப்ப அப்படி நின்னதே இல்லியே?"

"நான் வடக்கால நல்லா ஒதுங்கி வளைச்சு வருவேன்டா. அவன் நேரா வந்துட்டான்" என்றேன்.

"நேராத்தான எல்லாரும் வருவாங்க" என்றான்.

காலில் அடிபட்டவனுக்கு எதற்கு இத்தனை கேள்வி. பஸ்ஸில் வரும்போது சம்பந்தத்தின் மேல் கோபம் இன்னும் கூடியது. இதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் தனியாகப் படகுக்குப் போனேன். சக்கரத்தில் கட்டியிருந்த அம்மன் துணி அழுக்காக இருந்தது. அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்துக் கட்டினேன். அது டிரைவர் செய்கிற வேலை, வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒரு வேலை முடிந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று வயிறு குளிர்ந்தது.

பழுது பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டும். மேலாற்றில் இருக்கிற பட்டறை வரை தண்ணீரில் ஓட்டிப் போக மீன்வளத்துறையில் கடிதம் வாங்கியாயிற்று. நான், சம்பந்தம், இருதயராஜ் மேஸ்திரி மூன்று பேர். இருதயராஜ் வேளாங்கண்ணிப் பக்கத்து ஆள். ஸ்க்ரூடிரைவரை இஞ்சின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். நான் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். "எத்தனை மாசம், டாக்டர்?" என்று கேட்டால் கூடச் சிரிக்க மாட்டான்.

எங்கள் சக்கரத்தில் ஆறு கம்பி. நடுக்கம்பியில்தான் அம்மன் துணி. மஞ்சள் நீரில் முக்கி, மாசி மகத்தன்று கோயிலில் வைத்து வாங்கிக் கட்டுவது. துணி கட்டின கம்பி மேலே நின்றால் தண்ணீருக்கு அடியில் சுக்கான் பலகை நேராக நிற்கிறது என்று அர்த்தம். இருட்டிலும் மழையிலும் கையால் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

ஆற்றுக்குள் வந்ததும் துணியை மேலே வைத்துச் சக்கரத்தை விட்டேன். படகு மளமளவென்று இடப்பக்கம் போனது.

"பாத்துக்குங்க முதலாளி. உங்க கப்பல் யாரைப் பாக்கப் போவுதுன்னு" என்றேன். சம்பந்தத்தின் முகம் காய்ந்த திருக்கை மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. "ஒத்தை புரொப்பல்லர் போட்ட படகு லேசா ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும். வேகத்தைக் கூட்டுங்க" என்றான். கூட்டினேன், இடது. குறைத்தேன், இடது. "இப்ப கியரை எடுத்துட்டு மிதக்க விடுங்க. புரொப்பல்லர் நின்னும் இழுத்தா அதும் மேல பழி இல்லை." எடுத்தேன். சத்தம் அடங்கி, படகு தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போனது. அப்போதும் இடது.

"அப்ப சுக்கான்தான்" என்றான் டாக்டர்.

நான் ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டேன். இதைத்தானே சொன்னேன். சங்கிலியை மாற்று, சுக்கானைப் பார் என்று மூன்று வருஷமாகச் சொல்லியும் காது கொடுக்காத மனுஷன், ஒரு குடும்பத்துப் பிள்ளையைக் குடிகாரன் என்கிறார். அதையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

பிறகு டாக்டர் சக்கரத்தைத் தன் கையில் வாங்கினான். படகு நேராகப் போகிற இடம் வரைக்கும் வலப்பக்கம் திருப்பினான். அரைச் சுற்று வந்தது. துணி தலைகீழாகக் கீழே தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இத்தனை நாளா இப்படித்தான் ஓட்டுனீங்களா? துணியைக் கீழ வச்சுக்கிட்டு?"

"ஆமா" என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சந்தோஷத்தில் கோழி அடித்தோம். அஞ்சப்பனைக் கூப்பிட்டு நேற்று நடந்ததைச் சொன்னேன். "துணியை மேல வச்சா இடப்பக்கம் போச்சாக்கும்?" என்று ஒரு தரம் கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். கோழித் தொடையே கொடுத்தும் முகம் மலராத ஜென்மம்.

மே 4, திங்கள்

படகைக் கரையேற்றியாயிற்று. அடிவயிறு முழுவதும் கொட்டலசுச் சிப்பி ஒட்டிக் கிடந்தது. மூன்று நாள் சுரண்டினேன், தோள் கழன்றுவிட்டது.

டாக்டர் நூல் பிடித்துப் பார்த்தான். புரொப்பல்லர் தண்டின் நடுவிலிருந்து பின்னால் ஒரு நூல் கட்டினான். சக்கரத்தில் துணி மேலே நிற்கும்போது சுக்கான் பலகை அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் நின்றது. பிறகு சக்கரத்தைத் திருப்பி எண்ணச் சொன்னான். ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு நாலு சுற்று. நல்ல படகென்றால் நேராகப் போகிற இடத்திலிருந்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. எங்களுக்கு இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் ஒன்றரை.

"அன்னைக்கு அந்தத் தம்பிக்கு வலப்பக்கம் அரைச் சுத்து பத்தாமப் போயிருக்கு. அதான் சக்கரம் டக்குன்னு நின்னுருக்கு" என்றான் டாக்டர்.

அவன் வாயில் சர்க்கரை போடலாம் போல இருந்தது. எனக்குத்தான் சர்க்கரை ஆகாது.

மே 9, சனி

இன்று எனக்கு வந்த கோபத்துக்கு இந்தப் பேனா முள் உடையாமல் இருப்பதே ஆச்சரியம்.

முதலில் சுக்கான் தண்டு வளைந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான் டாக்டர். வளையவில்லை. அப்புறம் தண்டின் தலையில் இருக்கிற இரும்புக் கையைக் கழற்றினான். சக்கரத்தைத் திருப்பினால் சங்கிலி அந்தக் கையை இழுக்கும், கை தண்டைத் திருப்பும். கைக்கும் தண்டுக்கும் நடுவில், நழுவாமல் பிடிக்க, விரல் நீளத்துக்கு ஒரு சாவி இரும்பு உண்டு. அது பாதி அறுந்து கிடந்தது. கை நழுவி, நழுவின இடத்திலேயே இறுகிப்போயிருந்தது.

சம்பந்தம் உடனே, "அதான் கல்லுல மோதுனானே, அதுல அறுந்துருக்கும்" என்றார்.

டாக்டர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். "அறுந்த இடத்தைப் பாருங்க முதலாளி. உள்ளே துரு ஏறியிருக்கு, துரு மேல கிரீஸ் படிஞ்சிருக்கு. இது கல்லுல மோதுறதுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்னாலயே அறுந்தது. சுக்கானோட அடி எதுலயோ பலமாத் தட்டியிருக்கணும்."

அது போதாதா? அதோடு நிறுத்தினால் என்ன? சம்பந்தம் என் பக்கம் திரும்பினார்.

"கலியபெருமாளு, நீ பெரிய டிரைவர். உன் கையில இருந்தப்ப எங்கயாச்சும் தட்டுச்சா?"

இல்லை என்றேன்.

மிதந்து வருகிற கட்டை, மட்டை எல்லாவற்றையும் ஒருவன் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? மாசியில் ஒரு கட்டை தட்டியது. அதெல்லாம் ஒரு தட்டா?

"அப்பக் கணக்கு சரியாப் போச்சு" என்றார் சம்பந்தம். "மாசிக் கடைசில நீ கல்யாணத்துக்குப் போனப்ப மூணு நாள் அவன்தான் ஓட்டுனான். அப்பவே எங்கயோ தட்டி, மறைச்சுட்டான். ஒரு தப்பு இல்லை, ரெண்டு தப்பு. பஞ்சாயத்துல ரெண்டையும் வைக்கிறேன்."

நான் கத்தினேன். அவனுக்கு மறைக்கத் தெரியாது, அவன் முகத்தைப் பார்த்தாலே மூன்று நாள் முன்னால் என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடலாம் என்று கத்தினேன். பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் என்னைப் பார்க்காமல் சாவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கெட்டிக்காரன் என்று அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான். இத்தனை கெட்டிக்காரத்தனம் யார் கேட்டது?

மே 10, ஞாயிறு

பவுனு டீயை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டீ ஆறிவிட்டது.

மே 18, திங்கள்

புதுச் சாவி போட்டு, இரும்புக் கையை நூல் பிடித்துப் பொருத்தியாயிற்று. எல்லாரும் போன பிறகு டாக்டர் என்னைப் படகின் மேலே கூப்பிட்டான். சக்கரத்துக்கு வெள்ளைப் பெயின்ட். துணியை அவிழ்க்காமல் லேசாகத் தள்ளிக் காட்டினான். அடியில் மஞ்சள் கறை. பிறகு நேர் எதிர்க் கம்பியைக் காட்டினான். அதிலும் மஞ்சள் கறை.

"இது வருஷக்கணக்கா ஏறுன கறை. பெயின்ட்டுக்குள்ளயே இறங்கிருச்சு. எதுத்தாப்ல இருக்கறது புதுசு. மிஞ்சிப் போனா ரெண்டு மாசம்" என்றான்.

"உனக்கு என்ன வேலை? இஞ்சினைப் பாருன்னா கறையைப் பாத்துக்கிட்டிருக்க. சலவைக்கடை வைக்கப் போறியா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "சாவி அறுந்தப்புறம் படகு நேராப் போறப்பல்லாம் துணி தலைகீழாத் தொங்கிருக்கும். பாக்கறவன் கேப்பான். யாரோ அதை அவுத்து எதிர்க் கம்பில கட்டி, மேல நிக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க. அப்புறம் நாம ஆத்துல ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னால, மறுபடி பழைய கம்பிக்கே மாத்தியிருக்காங்க. அந்தத் துணியை டிரைவரைத் தவிர யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

நான் அவனைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது, பவுனு படித்தால் சோறு நின்றுவிடும். அவன் முழுதும் கேட்டான்.

"நான் உங்க ஊர் ஆளில்லை. நானாப் போய் எதையும் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்துல கேட்டாங்கன்னா சொல்லுவேன்" என்று ஸ்க்ரூடிரைவரைச் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்கிவிட்டான்.

அம்மன் துணி தலைகீழாகத் தொங்கலாமா? அது நல்லதா? யாராயிருந்தாலும் மாற்றித்தான் கட்டியிருப்பார்கள்.

மே 21, வியாழன்

சக்கரத்துக்குப் பெயின்ட் அடித்தேன். நீலம். எத்தனை வருஷம்தான் வெள்ளையையே பார்ப்பது.

துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கம்பி முடித்திருப்பேன், ஏணியில் சத்தம். அஞ்சப்பன். படகில் ஏறக் கூடாது என்று சம்பந்தம் சொல்லியிருந்தும் ஏறி வந்துவிட்டான்.

"நான் அடிக்கவா மாமா?"

"உனக்கு வேற வேலை இல்லியா?"

"எனக்கென்ன வேலை?"

சணல் கொத்தால் கம்பியைத் துடைத்துவிட்டு இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் அடித்தோம். அவன் பக்கத்துக் கம்பியில் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிரஷ்ஷை அதன் மேல் வைக்காமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அன்னைக்கு உள்ள வரும்போது சாரல் அடிச்சுக் கண்ணே தெரியலை. துணியைத் தடவிப் பாத்துத்தான் புடிச்சேன். மேலதான் இருந்துச்சு. நேராத்தான் வந்துச்சு. இன்னும் ரெண்டு சுத்து கையில இருக்குன்னு நெனைச்சேன்."

நான் பெயின்ட் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"மாசில ஒரு நாள் பலமா ஒரு தட்டு தட்டுச்சே. நான் முன்னால வலை மேல உக்காந்திருந்தேன், தூக்கிப் போட்டுச்சு. கட்டைன்னு சொன்னியே. கட்டைதானே மாமா?"

"கட்டைதான்."

"சரி மாமா" என்றான். பிரஷ்ஷை முக்கி, மஞ்சள் மேல் நீலத்தை அடித்தான். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல் அடித்தான். முடித்துவிட்டுப் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

என்ன கொழுப்பு இருந்தால் சரி மாமா என்பான்? சண்டை போட வேண்டியதுதானே? என் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதானே? அக்கா புருஷன் என்றால் வாய் தைத்துவிடுமா? இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் யாரிடம் கோபப்படுவது?

மே 22, வெள்ளி

அம்மன் துணி சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பவுனு துவைக்க எடுத்தாள். அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

ஜூன் 1, திங்கள்

அஞ்சப்பன் மங்களூருக்குப் போகிறானாம். அங்கே படகில் வலை இழுக்கிற ஆள் வேலை. பத்து வருஷம் சக்கரம் பிடித்த கை. பஞ்சாயத்து முடிந்த மறுநாள் ரயில்.

அவன் பையில் பவுனு ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சாயத்துல என்ன முடிவாவும்னு உனக்கு இப்பவே தெரியுமாக்கும்?" என்று அவனைக் கேட்டேன்.

பதிலைப் பவுனு சொன்னாள். "அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியலை."

ஜூன் 5, வெள்ளி

கை ஓடவில்லை. சரி. இங்கேயாவது எழுதுகிறேன்.

அது கட்டை இல்லை. மணல்திட்டு. மாசியில், நீர் வற்றியிருந்த நேரம். முகத்துவாரத்துக்கு வெளியே செல்லமணி படகு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவனை முந்திக்கொண்டு ஏலக்கூடத்தில் இறங்கி, "என்னடா, மாட்டுவண்டி கட்டிக்கிட்டு வர்றியா?" என்று கேட்க வேண்டும். அதற்காக. அதற்காகத்தான். சுற்றிப் போகாமல் திட்டு மேலேயே விட்டேன். பின்பக்கம் தூக்கிப் போட்டது. உள்ளே வந்து, கேட்கவும் செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து துணி தலைகீழாக நின்றது. பார்த்தால் கேட்பார்கள், மாற்றிக் கட்டினேன். சம்பந்தம் கண்ணுக்குக் கோளாறு தெரியட்டும் என்று ஏப்ரலில் மறுபடி பழைய கம்பிக்கே கொண்டுவந்தேன். வலப்பக்கம் பற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வடக்கே ஒதுங்கி வளைத்து வந்தேன். நான் கல்யாணத்துக்குப் போன மூன்று நாளும் கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்கப் போன அன்று காலையில் அஞ்சப்பன் இஞ்சின் சாவி வாங்க வீட்டுக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. வடக்கே ஒதுங்கி வாடா என்று சொல்வதற்கு வாய் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் இந்த டைரியை எடுக்கப் போனால், அதன் மேல் அம்மன் துணி. துவைத்து, மஞ்சள் நீரில் முக்கி, காயவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தாள். பவுனு அடுப்படியில் இருந்தாள்.

பஞ்சாயத்தில் முதலில் சம்பந்தம் பேசினார். இரண்டு தப்பையும் வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டார்கள். சாவியைக் காட்டினான், துருவைக் காட்டினான், ஒன்றரைச் சுற்றைச் சொன்னான். கறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். தலைவர் சிங்காரவேலு அஞ்சப்பனைக் கேட்டார்.

"எங்க தட்டுச்சு? எப்பத் தட்டுச்சு? சொல்லு தம்பி."

"தெரியலைங்க" என்றான் அஞ்சப்பன். "ஊர் என்ன சொன்னாலும் கட்டுப்படுறேன்."

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப ரெண்டு வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபம் இந்த இரண்டு மாதத்தில் வராத கோபம். நல்லவன் மாதிரி எழுந்து நின்று கைகூப்பிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சண்டைக்குப் போகிற மாதிரித்தான் எழுந்தேன்.

"எவன்யா சொன்னது அவன் தட்டுனான்னு? தெரியலைங்கிறான் பாருங்க, மடப்பய. அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எனக்குப் பிச்சை போடுறான். நான் தட்டுனேன்யா. மாசில, மணல்திட்டுல, செல்லமணிய முந்தறதுக்கு. துணியை மாத்திக் கட்டுனதும் நான்தான். மறுபடி மாத்துனதும் நான்தான். கறையில பெயின்ட் அடிச்சதும் நான்தான். அதுக்கும் இவன்தான் வந்து ஒத்தாசை பண்ணான்."

சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தேன். அம்மன் துணியை மாற்றிக் கட்டினேன் என்றதும் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். செல்லமணி அங்கேயே இருந்தான். அவன்கூடச் சிரிக்கவில்லை.

"இதை மே மாசமே முதலாளி கேட்டப்பச் சொல்றதுக்கு என்னடா?" என்றார் தலைவர்.

"அப்பச் சொல்லலை. இப்பச் சொல்றேன்" என்றேன். அதைக்கூடக் கோபமாகத்தான் சொன்னேன்.

தீர்ப்பு: அஞ்சப்பன் பேரில் தப்பில்லை. எனக்கு இரண்டு வருஷம் சக்கரம் கிடையாது. வலை இழுக்கப் போகலாம். இரண்டு வருஷமும் வீட்டுக் குழம்புக்கு என்று எனக்குக் கொடுக்கிற கறிமீன் பங்கு குப்புராஜ் வீட்டுக்குப் போக வேண்டும். சம்பந்தம், ஊர் முன்னால் போதை என்று சொன்னதற்கு ஊர் முன்னாலேயே அஞ்சப்பனிடம் வருத்தம் சொன்னார். அவர் சொன்ன அழகுக்கு அவரையும் இரண்டு வருஷம் வலை இழுக்க விடலாம்.

அஞ்சப்பன் என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மங்களூர்ப் பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பவுனுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூன் 8, திங்கள்

குப்புராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான். போய் முன்னால் நின்றேன். அவனுக்கு அதற்குள் சேதி வந்திருந்தது. கட்டிலில் இருந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பல்லைப் புடுங்குன அன்னைக்கே வாயைத் தொறந்திருந்தா எனக்கு பத்து விரலும் இருந்திருக்கும்ணே" என்றான்.

அவன் பெண்சாதி டீ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எப்படிக் குடித்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஜூன் 15, திங்கள்

தடை முடிந்தது. விடிகிற நேரத்தில் படகுகள் எல்லாம் மாலையும் எலுமிச்சையுமாகக் கிளம்ப நின்றன. நான் பின்பக்கம் ஐஸ் பெட்டியோடு. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இஞ்சின் சத்தத்தைப் பின்னாலிருந்து கேட்கிறேன். அங்கே புகை அடிக்கும் என்று ஆட்கள் சொல்லும்போதெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன். அடிக்கத்தான் செய்கிறது.

"மாமா" என்று அஞ்சப்பன் கூப்பிட்டான். எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. சக்கரத்துக்கு முன்னால் நின்றான். கையில் அம்மன் துணி.

"கட்டு."

"டிரைவர்தான் கட்டணும். நான் தொடக் கூடாது."

"டிரைவர் சொல்றேன். கட்டு."

நூல் பிடித்துச் சரி பண்ணின நடுக்கம்பியில் கட்டினேன். இரண்டு முடிச்சு. முடிச்சு இறுகின கையோடு அவன் சக்கரத்தைப் பிடித்தான். இடப்பக்கம் கடைசி வரை திருப்பினான், வாய்விட்டு எண்ணினான். பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தான். வலப்பக்கம் கடைசி வரை திருப்பினான், அதையும் எண்ணினான். என் முன்னால், எல்லா ஆட்கள் முன்னாலும்.

நானாக இருந்தாலும் எண்ணியிருப்பேன். ஆனாலும் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

இந்தப் பக்கம் இரண்டு. அந்தப் பக்கம் இரண்டு.

"சரி, கயித்தை அவுரு மாமா" என்றான். போய் அவிழ்த்தேன்.